முன்பக்கத்துக்கு ஒரு கதவு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ பதில் போட மாட்டாய், போட்டாலும் நலம் என்று பொய்தான் எழுதுவாய். உன் விலாசத்தை உன் சிநேகிதரிடம், அந்தப் பம்பு பழுதுபார்க்கிற கடைக்காரரிடம், கெஞ்சித்தான் வாங்கினேன். அவர் மேல் கோபப்படாதே. முதலில் நீ அங்கே இல்லவே இல்லை என்று சாதித்தார். அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள் என்று கேட்டதும் மனிதர் உடைந்துபோய்விட்டார். சாப்பிடுகிறாய் என்றும், கடையின் மூலையில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றுகிறாய் என்றும், யாரோடும் பேசுவதில்லை என்றும் சொன்னார். கடற்படைக்குப் படகு வடிவமைத்தவர் காயில் சுற்றுகிறாராம். எனக்குச் சிரிப்பு வந்தது, அது முடிவதற்குள் அழுகையும் வந்தது. இப்போதெல்லாம் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன.

நீ போனை அணைத்து வைத்திருப்பதால் கடிதம் எழுத வேண்டியதாகிவிட்டது. பரவாயில்லை. பேசியிருந்தால் நான் கத்தியிருப்பேன், நீ வைத்துவிட்டிருப்பாய்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகம். கண்ணில் புரை வேறு முற்றிக்கொண்டிருக்கிறது. அறுவைக்கு நாள் குறிக்கலாம் என்று டாக்டர் சொன்னார், பிள்ளை வரட்டும் என்று தள்ளிப் போடுகிறாள். முன்னறையில் கதவைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யார் வந்தாலும் காலடிச் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுகிறாள். பால் போடுகிறவர், பக்கத்து வீட்டுக்காரி, எல்லாரையும். சில சமயம் வாசலில் யாரோ வேகமாக நடந்து போகும்போது அவள் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் அப்படித்தான் நடப்பார்.

நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். அதே பல் செட் கடை, அதே மாவு, அதே அச்சு. முதலாளி இன்னும் கொஞ்ச நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்தால் சுவர்தான் தெரிகிறது, இங்கே ஊரார் பல்லாவது தெரிகிறது என்றேன். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை, பாவம்.

குட்டி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். வந்ததும் பையைப் போட்டுவிட்டு நேராகக் குளியலறைக்குப் போகிறாள். நீ அவளுக்கு உன் படகைப் போலவே முழங்கை நீளத்தில் ஓர் எருமை செய்துகொடுத்தாயே, அதைத் தொட்டியில் மிதக்கவிட்டு, கூழாங்கற்களை ஒவ்வொன்றாக உள்ளே போடுகிறாள். கல் ஏற ஏற அது இறங்கும். கழுத்து வரைக்கும் இறங்கி, முன்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மட்டும் வெளியே தெரிகிற நிலையில் நிறுத்துவாள். அப்புறம் ஒரே ஒரு கல். அவ்வளவுதான், எருமை அடிக்குப் போய்விடும். கையை விட்டு எடுத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அவள் அப்பா சொல்லிக்கொடுத்த விளையாட்டு. தண்ணீரில் உப்பைக் கரைத்தால் அந்தக் கடைசிக் கல்லையும் எருமை தாங்கும் என்று காட்டிக்கொடுத்ததும் அவர்தான். உப்பு டப்பாவே காலியாகிவிட்டது என்று அன்றைக்கு இரண்டு பேரையும் குளியலறைக்குள்ளேயே வைத்துத் திட்டினேன். இப்போது அந்தப் பொம்மையைக் குப்பையில் போடலாம் என்று கையில் எடுப்பேன், துடைத்துத் திரும்ப வைத்துவிடுவேன்.

உன் படகுக்கு அந்தப் பெயர் வைத்ததும் அவர்தானே. அரசாங்கத் தாளில் அதற்கு ஏதோ ஓர் எண். குளத்தில் ஊறிக்கொண்டு தலையை மட்டும் நீட்டுகிற சாதிக்கு எண் எதற்கு மச்சான், எருமை என்று கூப்பிடுவோம் என்றார். கடைசியில் பட்டறையில் அதிகாரிகள்கூட அப்படித்தான் சொன்னார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எருமை அவரோடு மூழ்கிய அன்றைக்கு நீ ஊரில் இல்லை. அடுத்த படகுக்கு எஞ்சின் பார்க்கப் போயிருந்தாய். நான் துறைமுகச் சுவரின் மேல் நின்றேன். தேடுகிற படகுகள் ஆறு கடலில் சேருகிற இடத்தில் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தன. மேலே ஹெலிகாப்டர் சுற்றியது. ஓர் அதிகாரி என் பக்கத்தில் நின்றுகொண்டு, கண்டுபிடித்துவிடலாம் அம்மா, கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது. எருமையைப் பற்றி அவருக்கு அவ்வளவாகத் தெரியாது போலிருக்கிறது. எவனுடைய கண்ணுக்கும் அகப்படாது என்று நீங்கள் இரண்டு பேரும் என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மார்தட்டியதை அவர் கேட்டதில்லை. ரேடாரில் விழாது. புகை தண்ணீருக்குள்ளேயே போய்விடும். மேலே நிற்பது ஒரு முழம், அதுவும் தண்ணீர் நிறம்.

அந்த நிறம் நான் எடுத்துக்கொடுத்தது. நினைவிருக்கிறதா? ஒன்றுக்கொன்று துளி வித்தியாசமாகச் சாம்பல் நிறங்களை அட்டையில் பூசி எடுத்துக்கொண்டு வந்தீர்கள். பல்லுக்கு நிறம் பொருத்துகிறவள் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே எதற்குக் கேட்க வேண்டும் என்றார் அவர். நான் அட்டைகளைத் துறைமுகத்துக்கே கொண்டுபோய், வெயிலில் ஒரு தடவை, மேகத்தில் ஒரு தடவை தண்ணீருக்கு எதிரே பிடித்துப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொடுத்தேன். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. அன்று பொழுது சாயும்வரை அந்த நிறத்தைத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன். மறுநாள் வெள்ளம் வடிந்த பிறகுதான் கிடைத்தது. தேடிய படகுகள் அதன் மேலேயே பல தடவை போயிருக்கின்றன.

நீ வந்தாய் என்று எனக்குத் தெரியும். மருத்துவமனை வாசலில், ஆம்புலன்ஸ் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் நின்றாய். உன் சட்டையைப் பார்த்தேன். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தபோது நீ இல்லை. வீட்டுக்கு வந்திருப்பாய் என்று நினைத்தேன், வீட்டிலும் இல்லை. இரண்டு நாளில் எனக்கு இரண்டு பேரைத் தேட வேண்டியிருந்தது, அண்ணா. அது நியாயமா?

உன் மேல் கோபம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. அது எதற்கு என்று இன்னும் எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒரு வரி எழுது. உயிரோடு இருக்கிறேன் என்று எழுதினாலும் போதும். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
உன் தங்கை

*

அண்ணா,

உன் அஞ்சலட்டை வந்தது. "எல்லாம் என்னால்தான். என்னை மன்னித்துவிடு." இவ்வளவுதான். இதற்கு அஞ்சலட்டை எதற்கு, தபால் தலையின் பின்பக்கமே போதுமே. அம்மா என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டாள். சுகமாக இருக்கிறானாம், உங்கள் முழங்காலைப் பற்றி விசாரித்திருக்கிறான் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டாள்.

மன்னிப்பு கேட்டால் நான் கொடுக்க வேண்டும் அல்லது கொடுக்காமல் இருக்க வேண்டும். இரண்டும் எனக்கு இப்போது முடியாது. வேறு விஷயம் நிறைய இருக்கிறது, கேள்.

போன வாரம் விசாரணைக்குப் போனேன். நீ வர மாட்டாய் என்று தெரியும். நீ எழுதி அனுப்பிய வாக்குமூலத்தை வாசித்தார்கள். பெரிய மண்டபம், நிறைய நாற்காலி, கொஞ்சம் மனிதர்கள். வாசித்தவருக்குச் சளி பிடித்திருந்தது, நடுநடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டார். படகில் வெளியேற ஒரே கதவு வைத்தது முழுக்க உன்னுடைய முடிவு என்று வாசித்தார். யாரும் உனக்கு யோசனை சொல்லவில்லை என்றும் வாசித்தார்.

பொய்யனே. நீ இரண்டு கதவு வரைந்திருந்தாய். பின்னால் ஒன்று, ஓட்டுகிறவர் தலைக்கு மேலே ஒன்று. முன்பக்கக் கதவு வேண்டாம் என்று சண்டை போட்டது அவர். நான் அங்கேதான் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கதவு என்றால் அதைச் சுற்றிச் சட்டம், ரப்பர், தாழ்ப்பாள், அவ்வளவு கனமும் மூக்கு நுனியில் போய் உட்காரும், படகு மேலே எழும்பி ஓடும்போது தலையைத் தூக்காமல் அலையைக் குத்திக்கொண்டு போகும் என்றார். தண்ணீர் உள்ளே வருவதற்கு இன்னொரு வழியை நாமே வைப்பானேன் என்றும் கேட்டார். வேகமாக ஓடுகிற படகு முழுக மாட்டேன் என்கிறது, முழுகுகிற படகு ஓட மாட்டேன் என்கிறது, இரண்டுக்கும் தாலி கட்டி வைத்திருக்கிறேன், நடுவில் நீங்கள் வேறு வந்து குழப்பாதீர்கள் மச்சான் என்று நீ கத்தினாய். பல நாள் நடந்தது அந்தச் சண்டை. கடைசியில் நீ களைத்துப்போய், ஓட்டப்போகிறவர் நீங்கள், உங்கள் இஷ்டம் என்று சொல்லி அந்தக் கதவை அழித்தாய். அவர் உன் முதுகில் தட்டி, இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னார்.

இதை நான் விசாரணையில் சொல்லிவிட்டேன். எழுந்து நின்று, கையைக் கட்டாமல், எல்லாவற்றையும் சொன்னேன். தலைமை அதிகாரி, இது உங்கள் கணவரின் பெயருக்கு நல்லதில்லையே, யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார். அவர் மகா பிடிவாதக்காரர் என்பது அவருடன் குடும்பம் நடத்திய எனக்குத் தெரியாதா? செத்துப்போனவரைக் காப்பாற்ற நீ எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? அவருக்கு அது பிடிக்காது. தான் போட்ட சண்டையை இன்னொருவன் போட்டதாகச் சொன்னால் அவருக்கு ரோஷம் வந்துவிடும். உன் வாக்குமூலத்தைக் கேட்டபோது அவரையே இன்னொரு தடவை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது போல இருந்தது.

உன்னுடைய தப்பு எது என்று சொல்லவா? உப்பு பார்க்கிற விஷயம். படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால், ஒரு வாளித் தண்ணீர் மொண்டு, அந்தக் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு உப்பு எவ்வளவு என்று பார்த்து, அதற்கேற்ப ஈயக் கட்டிகளைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்று நீ விதி எழுதினாய். எப்போது பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை. அதனால் பட்டறையில் காலையில் ஒரே ஒரு தடவை பார்ப்பதே பழக்கமாகிவிட்டது. அன்றைக்குக் காலையில் கடல் ஏற்றம், துறை முழுக்க உப்புத் தண்ணீர். உப்பு பார்த்தாயிற்று, ஈயம் வைத்தாயிற்று, எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். மேலே எங்கேயோ மலையில் கொட்டிய மழை மத்தியானம் ஆற்றில் வந்து இறங்கித் தண்ணீரின் உப்பைக் குறைத்துவிட்டதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இங்கே நல்ல வெயில். ஒரு மகள் குளியலறைத் தொட்டியில் விளையாடுகிற விஷயம் அவ்வளவு பெரிய பட்டறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவருக்குமே தோன்றவில்லை. உனக்குப் பங்கு உண்டு, பட்டறைக்குப் பங்கு உண்டு, அவருக்கும் உண்டு. முழுவதையும் நீயே எடுத்துக்கொண்டு ஓட உனக்கு யார் உரிமை கொடுத்தது?

இப்போது நெட்டையைப் பற்றி. அவர் கூட எப்போதும் பின் இருக்கையில் வருவானே, உயரமாய், தலை இடித்துக்கொள்ளாமல் நம் வீட்டுக்குள் நுழையத் தெரியாதவன். ஞாயிற்றுக்கிழமை வந்தான். அம்மா காலடியைக் கேட்டு, நெட்டை வருகிறான் என்றாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அப்புறம் தானாகவே சொன்னான். அறிக்கையில் நீ படித்திருப்பாய். ஆனால் அவன் சொன்னதை நீ கேட்க வேண்டும்.

கடலில் அலை பெரிதாக இருந்ததால் பயிற்சியை ஆற்று முகத்துக்கு மாற்றினார்களாம். மேலே ஓடும்போது எருமை பறந்ததாம். அவர் பாடிக்கொண்டே ஓட்டினாராம், அந்தக் கழுதைக் குரலில். அப்புறம் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி, கழுத்தளவுக்கு இறங்கி, மெதுவாக உள்ளே வந்திருக்கிறார்கள். முதலில் சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் கலந்த இடத்துக்கு வந்ததும் படகு கேட்காமலேயே இன்னும் கொஞ்சம் இறங்கியது. மூச்சுக்குழாயின் மூடி பட்டென்று அடைத்துக்கொண்டது. அலை தாண்டினால் திறந்துவிடும் என்று காத்திருந்தார்கள், அன்றைக்கு அலையே இல்லை. எஞ்சின் உள்ளே இருந்த காற்றை இழுக்க ஆரம்பித்தது. காது அடைத்தது, வலித்தது. எஞ்சின் நின்றது. அவர் தொட்டித் தண்ணீரை வெளியே தள்ளுகிற காற்று வால்வைத் திருப்பிப் பிடித்தார். பின்பக்கம் எழும்பியது, முன்பக்கம் எழும்பவில்லை. பின்கதவு தண்ணீருக்கு மேலே வந்ததும் நெட்டை அதைத் திறந்து, கூட இருந்த எஞ்சின்காரரை வெளியே தள்ளினான். அந்த வால்வு கையை எடுத்தால் அடைத்துக்கொள்ளும். அவர் கையை எடுக்கவில்லை.

நெட்டை திரும்பி அவருக்குக் கை நீட்டியிருக்கிறான். அவர் சொன்ன கடைசி வார்த்தையை நான் கேட்டு வாங்கினேன். "நீ போடா, வழிய மறைக்காத." அவ்வளவுதான். தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டு அந்த ஆறடி மனிதன் என் அம்மா மடியில் முகத்தை வைத்து அழுதான். அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அவன் வந்த காரியம் வேறு. இரண்டாவது எருமை அச்சிலிருந்து எடுத்தாகிவிட்டது. நிறுத்தவில்லை, அண்ணா. நிறுத்துவார்கள் என்று நினைத்தாயா? முதல் படகு ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டார்கள், விட மாட்டார்கள். இந்த மாதக் கடைசியில் அதைத் தண்ணீரில் முழுக்கி ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள். ஓட்டப்போவது நெட்டை. அதில் உட்கார்ந்து பழகியவர்களில் எஞ்சின்காரர் வேலையை விட்டுவிட்டார், மிச்சம் அவன் ஒருவன்தான். உன் இடத்துக்கு வந்திருக்கிற மூக்குக்கண்ணாடிக்காரர் நல்ல மனிதர். அவரே என்னைக் கூப்பிட்டுப் பேசினார். கணக்கெல்லாம் போட்டுவிட்டேன், ஆனால் அந்தப் படகு எப்படித் தலையைக் கவிழ்க்கும் என்று உங்கள் அண்ணனுக்கு உடம்பில் தெரியும், எனக்குக் கம்ப்யூட்டரில்தான் தெரியும் என்றார். முன்பக்கத்துக்கு ஒரு கதவும், மூழ்கினால் கயிற்றோடு மேலே வந்து மிதக்கிற மாதிரி கண்ணைப் பறிக்கிற நிறத்தில் ஒரு மிதவையும் வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். மேலிடத்தில், கதவு கனம், மிதவை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்கிறார்களாம். புதிதாக வந்தவர், எவ்வளவு தூரம் எதிர்த்துப் பேச முடியும்?

நெட்டை கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னான்: "அக்கா, சார் வந்து ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டு சரின்னு சொன்னா நான் கண்ண மூடிட்டு ஏறிடுவேன். அவர் வரலேன்னாலும் ஏறித்தான் ஆகணும். அப்ப கண்ணத் திறந்துகிட்டு ஏறுவேன், அவ்வளவுதான்." அவனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள் என்று அம்மா பிறகு சொன்னாள். அவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நான் செய்கிற பல் செட் ஒருவர் வாயில் போய் உட்கார்ந்து அவர் வலிக்கிறது என்று சொல்லும்வரை எனக்கு எதுவும் நிச்சயமில்லை. வலிக்கிறது என்று சொன்னால் நான் ஓடிப்போக மாட்டேன். திரும்ப வாங்கி அராவுவேன். அது என் வேலை. உன் படகு வலிக்கிறது என்று சொல்லிவிட்டார் அவர். நீ வந்து அராவு.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதை எடுத்துக்கொள்ளாதே. அது வேறு கணக்கு, நாம் இரண்டு பேரும் கிழடான பிறகு பார்த்துக்கொள்வோம். நெட்டை வீட்டில் ஒருத்தி என்னைப் போல் சுவர் மேல் நிற்கக் கூடாது. அதற்காக வா.

உன் பதிலை எதிர்பார்க்கவில்லை. உன்னைத்தான் எதிர்பார்க்கிறேன்.

தங்கை

*

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் நாலு நாளுக்கு முன்னால் வந்தது. உறை கனமாக இருந்தபோதே அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கையில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். உள்ளே முக்கால்வாசி படங்கள். முன்கதவின் சட்டத்தை எப்படி மெலிதாக்குவது, அதற்குப் பதிலாக எங்கே ஈயத்தைக் குறைப்பது, கையை எடுத்தாலும் திறந்தே இருக்கிற வால்வு, மிதவை தானாகக் கழன்று வர வேண்டிய கொக்கி. விதியையும் திருத்தி எழுதியிருக்கிறாய்: கிளம்பும்போது ஒரு தடவை, முழுகுவதற்கு முன்னால் அந்த இடத்திலேயே ஒரு தடவை, தண்ணீரின் நிறம் மாறினால் உடனே ஒரு தடவை உப்பு பார்க்க வேண்டும். எனக்குப் பாதி புரிந்தது. மூக்குக்கண்ணாடிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் பார்த்தார், உட்காரச் சொன்னதுகூடக் காதில் விழவில்லை. இதை எடுத்துக்கொண்டு மேலிடத்துக்குப் போகிறேன், அவர் நேரில் வந்து பக்கத்தில் நின்றால் இல்லை என்று சொல்ல முடியாது என்றார். சோதனையைப் பத்து நாள் தள்ளிப்போட ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ வருகிறாய் என்று நான் சொன்னதற்காக ஒத்துக்கொண்டார்கள்.

நெட்டைக்குச் சொல்லி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு பலாப்பழ அளவுக்குப் பூசணிக்காய் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை போலிருக்கிறது. தினமும் பூசணிக்காய்தான் சாப்பிடுகிறோம். நீ வந்தால் உனக்கும் அதுதான்.

குட்டி உன் படங்களைப் பார்த்துவிட்டு, மாமா கோடு நடுங்கியிருக்கிறது என்றாள். எனக்கும் தெரிந்தது. காயில் சுற்றிச் சுற்றிக் கை மரத்துப்போயிருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

இனி கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். அந்தப் பக்கத்தைப் பட்டறையில் யாரிடமும் கொடுக்கவில்லை. என் பைக்குள் இருக்கிறது.

முதல் ஓட்டத்தில் நெட்டை வேண்டாம், அவர் உட்கார்ந்த இருக்கையில் நீயே உட்கார்ந்து ஓட்டுவாய் என்று எழுதியிருக்கிறாய். ஆற்று முகத்துக்கே கொண்டுபோய், அதே இடத்தில் முழுக்கிப் பார்ப்பாய் என்றும் எழுதியிருக்கிறாய். கதவு வைத்த பிறகு என்றாவது எழுதியிருக்கலாம். அதை எழுதவில்லை. தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. கதவு வந்தாலும் வராவிட்டாலும் ஏறிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டாய்.

அண்ணா, நீ எனக்கு மூத்தவன். உனக்குப் புத்தி சொல்கிற வயசு எனக்கு இல்லை. ஆனால் உன் எழுத்து எனக்குத் தெரியும். நீ படகை ஓட்டிப் பார்க்க வரவில்லை. அவர் போன வழியில் போய்ப் பார்க்க வருகிறாய். உனக்குப் படகு ஓட்டவும் வராது. வளைவில் திருப்பும்போது உனக்குக் குமட்டும், அவர் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். ஒரு பயிற்சிக்காவது நீ வாந்தி எடுக்காமல் திரும்பி வந்ததுண்டா? அந்த இருக்கை உனக்கு எதற்கு?

உன்னைக் கூப்பிட்டது நான்தான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கூப்பிடும்போது நெட்டையை மட்டும்தான் நினைத்தேன். இப்படி ஒன்று உன் மனசில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ எழுதியதைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு பெரியவருடைய மேல் செட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் உடைத்ததில்லை. முதலாளி வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். வரும் வழியில் பேருந்தில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பல் வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவர் போனதற்கு நீ உன்னைக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கிறாயா? நேராகாது. எனக்கு இன்னொன்று குறையும், அவ்வளவுதான். என்னிடம் கொடுக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அந்த முன்கதவைக் கொடு. அதற்குப் பிறகு நெட்டை ஏறட்டும், ஓட்டத் தெரிந்தவன் ஓட்டட்டும். நீ கரையில் நில். என் பக்கத்தில் நில். உப்பு பார்க்கிற குழலை உன் கையில் வைத்துக்கொள். தண்ணீர் நிறம் மாறினால் கத்து, நானும் சேர்ந்து கத்துகிறேன். என் குரல் ஊர் அறிந்த குரல்.

நீ வரவே வேண்டாம் என்று எழுதலாமா என்றுகூடத் தோன்றியது. அங்கேயே காயில் சுற்றிக்கொண்டு உயிரோடு இரு, போதும் என்று. ஆனால் நெட்டையின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டில் ஒன்றை என்னால் எடுக்க முடியவில்லை. அதனால் இரண்டையும் கேட்கிறேன். வா. ஏறாதே.

அம்மா உன் அறையில் பாயை உதறிப் போடச் சொல்லிவிட்டாள். கண் அறுவைக்கு டாக்டரிடம் நாள் கேட்கச் சொல்லியிருக்கிறாள். கட்டை அவிழ்க்கும்போது முதலில் உன் முகத்தைத்தான் பார்க்க வேண்டுமாம். பெற்ற மகள் நான் பக்கத்திலேயே இருக்கிறேன், என் முகம் எப்போதும் பார்க்கிற முகமாம். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, இருந்தாலும் சிரித்துவிட்டேன்.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். படங்களையெல்லாம் விரல் வைத்துச் சொன்னேன். கடைசிப் பக்கத்தில், வருகிறேன் என்று நீ எழுதிய வரியோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குக் கீழே இருப்பதை வாசிக்கவில்லை. அவள் எத்தனை நாள் இருப்பானாம் என்று கேட்டாள். ரொம்ப நாள் இருப்பானாம் என்று சொல்லிவிட்டேன்.

என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே, அண்ணா.

உன் தங்கை